கடலூர் சிப்காட் பக்கம் டிவிஓசி மீட்டர் வாங்கலாமா?

டிவிஓசி என்பது காற்றில் கலந்த கரிம ஆவிகளின் மொத்த அளவு. ஆன்லைனில் கிடைக்கும் கைக்கடக்கமான டிவிஓசி மீட்டரை, புற்றுநோய் வாயுவைக் கண்டுபிடிக்கும் என்று நம்பிக் குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்தவர்கள் வாங்க வேண்டாம். காற்று எந்நேரம் கெடுகிறது என்று தெரிந்துகொள்ள வாங்கலாம்.

உள்ளே இருப்பது சூடான டின் ஆக்சைடு சென்சார். எந்தக் கரிம ஆவி பட்டாலும் அதன் மின்தடை இறங்கும், திரையில் எண் ஏறும். புற்றுநோய் தரும் பென்சீனா, சானிடைசரா, தாளிப்பா என்று அதற்குத் தெரியாது. கடற்காற்றின் ஈரமும் எண்ணை ஆட்டிவைக்கும். பக்கத்தில் சிலிக்கோன் ஸ்பிரே அடித்தால் சென்சார் மந்தமாகிவிடும்.

பென்சீனுக்கு நம் நாட்டின் ஆண்டு சராசரி வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். திரையில் 0.001 மில்லிகிராம், அதாவது 1 மைக்ரோகிராம் வரை ஓடுவதால் அதையும் அளக்கும் என்று தோன்றும். அந்தக் கடைசி இலக்கத்தை நம்பவே கூடாது.

புற ஊதா விளக்கால் ஆவியை மின்னேற்றி அளக்கும், விலை பல மடங்கு கூடிய பிஐடி மீட்டருக்கும் குருட்டுப் பக்கம் உண்டு. வழக்கமான 10.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள விளக்கு பென்சீனையும் வினைல் குளோரைடையும் பிடிக்கும். குளோரோஃபார்ம், 1,2-டைகுளோரோஈத்தேன் இரண்டுக்கும் 11-க்கு மேல் வேண்டும்; அவை எவ்வளவு இருந்தாலும் எண் அசையாது.

சீக்கிரம் ஆவியாவதுதான் அதிக ஆபத்து என்பதும் தவறு. அசிட்டோன் பென்சீனைவிட வேகமாகப் பறக்கும், ஆனால் புற்றுநோய்ப் பட்டியலில் இல்லை. பென்சோபைரீன் ஆவியாவதே அரிது. புகைக்கரியில் ஒட்டி நுரையீரலுக்குள் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐஏஆர்சி அதைப் பென்சீனோடு, புற்றுநோய் தருவது உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. எந்த டிவிஓசி மீட்டரும் அதைக் காட்டாது.

வாங்கியவர்கள் அடுப்படிக்குத் தள்ளி, திண்ணையில் வைத்து அரை மணி நேரம் சூடாக விடுங்கள். பிறகு 10 நிமிடத்துக்கு ஒருமுறை எண், நேரம், காற்றுத் திசை, வாடை நான்கையும் குறியுங்கள். இரவில் காற்று அடங்கியதும் ஆவி தரையோடு தங்கும், அந்த நேரத்தை விடாதீர்கள். வழக்கமான அளவிலிருந்து எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் கணக்கு.

ஏறும் நேரம் பிடிபட்டதும் அந்தக் காற்றைப் பிடித்து லேபுக்கு அனுப்ப வேண்டும். 2004-இல் சிப்காட் கிராமத்தார் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்தது இதற்காகத்தான். பையில் வெயில் படக்கூடாது, 3 நாளுக்குள் சோதனை முடிய வேண்டும். மொத்த டிவிஓசி ரிப்போர்ட் வாங்காதீர்கள். ஆவிகளைத் தனித்தனியாகப் பிரித்து அடையாளம் காணும் ஜிசி-எம்எஸ் கருவியில் பொருள் பொருளாகக் கேளுங்கள். பென்சீனுக்கு லேபின் கண்டறியும் எல்லை என்ன என்று முதலிலேயே விசாரியுங்கள். அது 10 மைக்ரோகிராம் என்றால், ‘கண்டறியப்படவில்லை’ என்று வரும் தாளுக்குப் பின்னால் 8 மைக்ரோகிராம் ஒளிந்திருக்கலாம்.