போலிங்கா, வெப்ஹூக்கா? டெலிகிராம் பாட்டுக்கு எது தோது

பைத்தானில் சின்னதாக ஒரு டெலிகிராம் பாட் (bot, மெசேஜுக்குத் தானாகப் பதில் சொல்லும் நிரல்) எழுதப் போகிறீர்கள். பாட்களைப் பதிவு செய்துதரும் டெலிகிராமின் பாட்ஃபாதரிடம் டோக்கனும் (பாட்டுக்கான சாவி) வாங்கியாயிற்று. யாரோ அனுப்பும் மெசேஜ் உங்கள் நிரலுக்கு வந்து சேர இரண்டு வழி: நாமே போய்க் கேட்டால் போலிங், டெலிகிராம் கொண்டுவந்து கொடுத்தால் வெப்ஹூக்.

போலிங் என்றாலே சர்வரைச் சும்மா சும்மா நச்சரிப்பது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. புது மெசேஜ் கேட்கும் கெட்அப்டேட்ஸ் (getUpdates) கட்டளையை அழைக்கும்போது டைம்அவுட் 30 என்று கொடுத்துப் பாருங்கள். ரேஷன் கடை வாசலில் சரக்கு வரும்வரை உட்கார்ந்திருப்பது மாதிரி, இணைப்பு 30 வினாடி வரை காத்திருக்கும். மெசேஜ் வந்ததும் கைக்கு வந்துவிடும். லேப்டாப்பிலேயே ஓடும். டொமைன் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம்.

சறுக்கும் இடம் ஆஃப்செட், அதாவது எந்த எண்ணிலிருந்து வேண்டும் என்று நாம் சொல்வது. கடைசியாக வந்த மெசேஜின் அப்டேட் எண் 501 என்றால், அடுத்த முறை 502 என்று அனுப்பினால்தான் பழையதை டெலிகிராம் தன் வரிசையிலிருந்து நீக்கும். விட்டால், ஒருமுறை வணக்கம் சொன்னவருக்கு பாட் வணக்கம் போட்டுக்கொண்டே இருக்கும். சரி, எண்ணை எப்போது ஏற்றுவது? மெசேஜைக் கையாளும் முன்பே ஏற்றினால், நடுவில் நிரல் விழும்போது அந்த மெசேஜ் போச்சு. கையாண்ட பிறகு ஏற்றினால், ஒரே ஒரு கோளாறான மெசேஜ் நிரலைத் திரும்பத் திரும்பக் கவிழ்க்கும். சின்ன பாட்டுக்கு நான் முதல் வழியைத்தான் எடுப்பேன்.

வெப்ஹூக்குக்கு எச்டிடிபிஎஸ் (சான்றிதழோடு கூடிய பாதுகாப்பான இணைப்பு) கட்டாயம். போர்ட் 443, 80, 88, 8443 இவற்றில் ஒன்று. ஃப்ளாஸ்க் என்ற பைத்தான் வெப் கருவியில் ஒரு முகவரி திறந்து, வந்ததை வாங்கி, உடனே 200 (சரி, கிடைத்தது) சொல்ல வேண்டும். நிரல் பிழை காட்டினால் டெலிகிராம் அதே மெசேஜை மறுபடி அனுப்பும். முகவரி தெரிந்த எவரும் பொய் மெசேஜ் தள்ளலாம் என்பதால் வெப்ஹூக்கைப் பதிவு செய்யும்போது நாம் தனியாகக் கொடுத்து வைத்த ரகசிய டோக்கனையும் சரிபார்க்க வேண்டும். இவ்வளவு வேலைக்கும் பலன் உண்டு: மெசேஜ் வரும்போது மட்டும் விழிக்கும் சர்வர்லெஸ் இடங்களுக்கு இதுதான் பொருந்தும்.

எடுக்காத மெசேஜை டெலிகிராம் அதிகபட்சம் 24 மணி நேரம்தான் வைத்திருக்கும். இதில் இரண்டும் ஒன்றே. இரண்டையும் சேர்த்து ஓட்ட முடியாது. வெப்ஹூக் இருக்கும்போது கெட்அப்டேட்ஸ் கேட்டால் 409 பிழைதான் வரும்.

பழகுகிறவருக்குப் போலிங் போதும். மெசேஜுக்குப் பதில் யோசிக்கும் பகுதியை மட்டும் தனி ஃபங்ஷனாக வைத்துவிடுங்கள். அப்புறம் வெப்ஹூக்குக்கு மாறினாலும் அதில் கைவைக்க வேண்டியிருக்காது.