56.2 என்ற எண்ணும் என் எக்செல் ஷீட்டும்

2017 ஏப்ரலில் ஆரம்பித்தது இது. டல்லாஸ் பக்கம் வேலைக்கு வந்து மூன்றாவது வருடம். ஆபீஸில் பன்னிரண்டு பேர் சேர்ந்து அமெரிக்கக் கால்பந்துக்கு ஒரு டைனஸ்டி ஃபேன்டசி லீக் (நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டும் போட்டி) நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஊர் மாறிப் போனதும் அந்த இடத்தில் என்னைப் பிடித்துப் போட்டார்கள். டைனஸ்டி என்றால், ஒருமுறை எடுத்த ஆட்டக்காரர் நாமாக விற்கும்வரை நம்மிடம்தான் இருப்பார். கல்லூரியிலிருந்து வரும் புதியவர்களை, என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகின் டிராஃப்ட் (அணிகள் முறை வைத்துப் புதியவர்களை எடுப்பது) முடிந்த கையோடு நாங்களும் வரிசை வைத்து எடுப்போம். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கைத் தப்பாக எடுத்துவிட்டால் அந்தத் தப்போடு வருடக்கணக்கில் குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

ஆட்டத்தைப் பார்த்து ஆளை எடைபோடும் கண் எனக்குக் கிடையாது. நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். தெரிந்தது எக்செல். அதனால் கல்லூரிப் புள்ளிவிவரங்களை வைத்து ஒரு ஷீட் போட்டேன். ஒன்பது டிராஃப்டுக்கு அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். அது எங்கே கைகொடுத்தது, எங்கே காலை வாரியது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதல் ஷீட்டில் நான்கே பத்திகள்: எத்தனை ஆட்டங்களில் முதல் ஆளாக இறங்கினார், கம்ப்ளீஷன் சதவீதம் (எறிந்ததில் எத்தனை பந்து தன் ஆள் கைக்குப் போய்ச் சேர்ந்தது), மொத்த யார்டு (எறிந்து முன்னேறிய தூரம்), டச்டவுனுக்கும் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) இன்டர்செப்ஷனுக்கும் (எறிந்த பந்தை எதிரணி பறிப்பது) உள்ள விகிதம். இதில் முதல் இரண்டும் என் கண்டுபிடிப்பு இல்லை. ஃபுட்பால் அவுட்சைடர்ஸ் என்ற புள்ளிவிவர ஆய்வுக் குழுவில் டேவிட் லூயின் என்பவர் 2006 வாக்கிலேயே சொன்னதுதான்: இறங்கிய ஆட்டங்களும் கம்ப்ளீஷன் சதவீதமும் மற்ற எண்களைவிட நன்றாகக் கணிக்கின்றன. இதோடு '26-27-60' என்றும் ஒரு சூத்திரம் உலவியது. வொண்டர்லிக் என்ற அறிவுத்திறன் தேர்வில் 26, இறங்கிய ஆட்டங்கள் 27, கம்ப்ளீஷன் 60 சதவீதம். லூயின் போட்டிருந்த ஒரு நிபந்தனையை மட்டும் நான் கவனிக்கவே இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் வருடமே சறுக்கல். டெக்சஸ் டெக்கின் பேட்ரிக் மஹோம்ஸ். 2016-ல் 5,052 யார்டு, 41 டச்டவுன். ஓக்லஹோமாவுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 88 முறை பந்தை எறிந்து 734 யார்டு எடுத்தார்; அப்படியும் 66-59 என்று தோற்றார்கள். எங்கள் லீகில், டெக்சஸ் டெக் இருக்கும் லபக்கில் படித்த ஒருவர் இருக்கிறார். அவருக்கு அந்த ஆட்டம் கந்தபுராணம் மாதிரி, தினமும் பாராயணம். நான் மடக்கினேன். "உங்கள் கல்லூரியில் யார் எறிந்தாலும் ஐயாயிரம் யார்டு வரும். 2003-ல் பி.ஜே. சைமன்ஸ் 5,833 எறிந்தார், டிராஃப்டில் ஏழாவது சுற்றில்தான் போனார். 2007-ல் கிரஹாம் ஹாரல் 5,705 எறிந்தார், பிற்பாடு அவரை டிராஃப்டில் எடுக்கவே ஆளில்லை." வாதம் சரியானதுதான். ஏர் ரெய்டு என்ற அந்த ஆட்டமுறையில் எறிவதே தொழில். தட்டையான பிட்ச்சில் ரஞ்சி ஆட்டக்காரர் அடிக்கும் முச்சதம் மாதிரி என்று மனதுக்குள் ஒரு ஒப்பீடும் வைத்திருந்தேன்.

ஆனால் ஷீட் என்ன சொன்னது? மஹோம்ஸ் இறங்கிய ஆட்டங்கள் 29, கம்ப்ளீஷன் 60-க்கு மேல். இரண்டிலும் பச்சை. நான் எடுத்த மிட்ச் ட்ருபிஸ்கி கல்லூரியில் இறங்கியதே 13 ஆட்டம். அந்தக் கட்டம் சிவப்பாக இருந்தது. 'சிகாகோ இரண்டாவது ஆளாக எடுத்திருக்கிறதே, தெரியாமலா எடுப்பார்கள்' என்று சிவப்பைத் தாண்டிப் போனேன். மறு வருடம் மஹோம்ஸ் 50 டச்டவுன் எறிந்து எம்விபி (சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கினார். தப்பு ஷீட்டின் மீது இல்லை. ஷீட்டைப் போட்டுவிட்டு அதைவிட நான் கெட்டிக்காரன் என்று நினைத்ததில்தான்.

அதனால் 2018-ல் ஷீட் சொன்னபடியே நடப்பது என்று முடிவெடுத்தேன். அந்த வருடம் பார்த்து ஜாஷ் ஆலன் வந்தார்.

வயோமிங்கில் அவருடைய கம்ப்ளீஷன் 56.2 சதவீதம். அதுவும் பெரிய அணிகள் இல்லாத ஒரு பிரிவில் ஆடி. சிவப்பிலேயே அடர்ந்த சிவப்பு இருந்தால் அதைப் போட்டிருப்பேன். பஃபலோ அவரை ஏழாவதாக எடுத்தபோது சிரித்தேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். என் முறை வந்தபோது ஆலனும் இருந்தார், ஜாஷ் ரோசனும் இருந்தார். ரோசன் 30 ஆட்டம், 60-க்குக் கொஞ்சம் மேலே. ஷீட்டின் எல்லா வாசல்களையும் தாண்டியவர். எடுத்தேன். ஒரே சீசனில் அரிசோனா அவரை விற்றுவிட்டது. ஆலனின் என்எஃப்எல் கம்ப்ளீஷன் முதல் வருடம் 52.8, அடுத்து 58.8, அதற்கடுத்து 69.2. 2024 சீசனின் எம்விபியும் அவர்தான். மூன்று வருடத்தில் இப்படி ஏறுவார் என்று எந்தக் கல்லூரி எண்ணும் காட்டியிருக்காது.

இங்கேதான் நிறையப் பேர் ஷீட்டைத் தூக்கிப் போட்டார்கள். ஆலனுக்குப் பிறகு, பலமான கையும் மோசமான சதவீதமுமாக யார் வந்தாலும் 'அடுத்த ஆலன்' என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கும் ஆசை வந்தது. 2023-ல் ஃப்ளோரிடாவின் ஆன்டனி ரிச்சர்ட்சன்: 13 ஆட்டம், கடைசி சீசனில் 53.8 சதவீதம், ஆனால் ஓட்டமும் கைவீச்சும் பார்த்தால் வாய் பிளக்கும். இண்டியானாபொலிஸ் நான்காவதாக எடுத்தது. எங்கள் லீகிலும் அடிதடி. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 2024-ல் அவருடைய என்எஃப்எல் கம்ப்ளீஷன் 47.7. ஆலன் ஒருவருக்காக விதியை மாற்றியிருந்தால் அன்றைக்கு நானும் அந்த அடிதடியில் இருந்திருப்பேன்.

கடைசி சீசனை நம்புவதா, மொத்தத்தையும் நம்புவதா என்பது தனித் தலைவலி. ஜோ பர்ரோ 2018-ல் 57.8, 2019-ல் 76.3, 60 டச்டவுன். கடைசி சீசனை நம்பியவர்கள் ஜெயித்தார்கள். சரி என்று அதற்கே எடை கூட்டினேன். மறு வருடமே ஸாக் வில்சன் வந்தார்: 2020-ல் 73.5 சதவீதம், 33 டச்டவுன், 3 இன்டர்செப்ஷன். அதற்கு முந்தைய சீசனில் 11-க்கு 9. இரண்டுக்கும் நடுவில் கொரோனா. அவருடைய கல்லூரியின் ஆட்ட அட்டவணை கலைந்து, கிடைத்த எதிரணிகளோடு ஆடிய சீசன் அது. எண்ணைப் பார்த்தேன், எதிரில் யார் என்று பார்க்கவில்லை. எடுத்தேன். அந்த வருடத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

கம்ப்ளீஷன் சதவீதம் கெட்டுப்போனது எனக்குப் புரிய இன்னும் நாளாயிற்று. 2020-ல் மேக் ஜோன்ஸ் 77.4 எடுத்து கல்லூரிச் சாதனை படைத்தார். 2023-ல் போ நிக்ஸ் அதை முறியடித்தார், அதுவும் 77.4-தான், இரண்டாவது தசமத்தில் முந்தினார். ஒருவர் ஓரத்தில் ஆழமாக எறிவார், இன்னொருவர் பக்கத்தில் நிற்பவர் கையில் கொடுக்கிற மாதிரி ஸ்கிரீன் பாஸ் போடுவார். சதவீதத்துக்கு இரண்டும் ஒன்றுதான். மைதானமே வேறு என்பதும் உண்டு: ஒவ்வொரு முறையும் பந்தை எங்கே வைத்துத் தொடங்குவது என்பதை வரையறுக்கும் ஹாஷ் கோடுகளுக்கு நடுவே கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்லில் 18.5 அடி. கல்லூரியில் ஒரு பக்கம் எப்போதும் அகலமாகத் திறந்துகிடக்கும். '27 ஆட்டம்' என்ற வரம்பும் செத்துவிட்டது. கொரோனாவுக்காகக் கொடுத்த கூடுதல் வருடத்தால் நிக்ஸ் 61 ஆட்டங்களில் இறங்கியவர்.

ஒன்பது வருடத்தில் நான் சேர்த்த ஒரே உருப்படியான பத்தி சாக். குவார்ட்டர்பேக் பந்தை எறியுமுன் அவரைப் பின்னாலேயே மடக்கிச் சாய்ப்பது. கல்லூரிக் கணக்கில் சாக்கில் இழந்த யார்டை ஓட்டக் கணக்கில் கழிப்பார்கள். என்எஃப்எல்லில் அணியின் எறிதல் கணக்கில் கழிப்பார்கள். இது தெரியாமல் ஏழு வருடம் எறிதல் அட்டவணையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், சாக் என் கண்ணிலேயே படவில்லை. நன்றாக ஓடுகிற கேலப் வில்லியம்ஸின் ஓட்ட யார்டு ஏன் இவ்வளவு சோனி என்று தோண்டியபோதுதான் விஷயம் புரிந்தது. சாக்குக்குப் பாதிப் பழி, குவார்ட்டர்பேக்கைக் காக்கும் தடுப்பு வரிசைக்கு என்பார்கள். ஆனால் நெருக்கடி வரும்போது அதில் எத்தனை சாக்காக முடிகிறது என்ற விகிதம், ஆள் அணி மாறினாலும் அவர் கூடவே வருகிறது. என்எஃப்எல் முதல் சீசனில் வில்லியம்ஸ் 68 முறை சாய்க்கப்பட்டார். கல்லூரியின் கடைசி இரண்டு சீசனில் அதிகம் சாக் ஆகாத நிக்ஸ் டென்வரிலும் அபூர்வமாகத்தான் சாய்ந்தார். ஜெய்டன் டேனியல்ஸ் மட்டும் இந்தப் பத்தியில் சிவப்பாக இருந்தும் முதல் வருடமே பிரமாதமாக ஆடி, சிறந்த புதியவர் விருதையும் வாங்கிப் போனார்.

லூயின் போட்ட நிபந்தனைக்கு வருகிறேன். அவர் கணக்கு முதல் இரண்டு சுற்றில் எடுக்கப்பட்டவர்களுக்கு மட்டும். முதலில் இதைச் சின்ன விஷயம் என்று விட்டேன். உண்மையில் எல்லாமே அதில்தான் இருக்கிறது. கல்லூரி வரலாற்றிலேயே அதிகமாக 19,217 யார்டு எறிந்த கேஸ் கீனத்தை 2012-ல் ஒரு அணியும் டிராஃப்டில் எடுக்கவில்லை. அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்கள் கை, உயரம், மண்டை எல்லாம் பார்த்து முதலில் சலித்துவிடுகிறார்கள். அந்தச் சல்லடையில் தங்கியவர்களில் யார் சறுக்குவார் என்று சொல்லத்தான் எண்களுக்குத் தெம்பு உண்டு. இதனால் நான் இழந்ததும் உண்டு. மூன்றாவது சுற்றுக்குக் கீழே ஷீட்டில் யாரையும் ஏற்றுவதில்லை என்று வைத்திருந்தேன்; 2022-ல் கடைசி ஆளாக, 262-வது இடத்தில், நான்கு வருடம் ஆடி நல்ல சதவீதமும் வைத்திருந்த ப்ராக் பர்டி போனார். 2025-ல் ஷெட்யூர் சாண்டர்ஸ் 74 சதவீதத்தோடு 144-வது இடம்வரை நழுவினபோது பழைய நானாக இருந்தால் பாய்ந்து எடுத்திருப்பேன். விட்டுவிட்டேன். நல்லதா கெட்டதா என்று இன்னும் முடிவு கட்டவில்லை.

இப்போது ஷீட்டில் இருப்பவை: எந்தச் சுற்று, எத்தனை சீசன் ஒரே சீராக ஆடினார், சாக் விகிதம், எதிரணிகள் எப்படிப்பட்டவை. எல்லாம் பச்சையாக இருக்கும் ஆளை எடுப்பதைவிட, இரண்டு சிவப்பு இருக்கும் ஆளை அடுத்தவர் தலையில் கட்டத்தான் இது அதிகம் உதவுகிறது. மொத்த யார்டு பத்தியை அழிக்கவில்லை, மறைத்து வைத்திருக்கிறேன். லபக்காரர் இன்னும் பக்கத்து மேஜையில்தான் உட்காருகிறார். 734 என்ற எண்ணை எப்போது திறந்து காட்டச் சொல்வார் என்று தெரியாது.