வேலூர்ச் சிற்பக்கூடத்தில் செய்வித்த குதிரைவீரன் சிலை

அமெரிக்க இராணுவத்தில் கறுப்பின வீரர்களைக் கொண்டு 1866-இல் அமைக்கப்பட்ட குதிரைப்படைகளின் நினைவாக, கான்சாஸ் மாநிலத்து லெவன்வொர்த் கோட்டையில் 1992-இல் அமெரிக்கப் படைத்தளபதி காலின் பவல் திறந்துவைத்த வெண்கலச் சிலையை முன்மாதிரியாகக் கொண்டு, கம்மவான்பேட்டையில் வசிக்கும் முன்னாள் இராணுவ வீரரான என் மாமாவுக்காக, வேலூரில் ஒரு சிற்பக்கூடத்தில் சிறிய பைபர் சிலை ஒன்று செய்வித்தேன். குதிரையின் கழுத்துத் தசையும் பிடரிமயிரும் அருமையாக அமைந்துள்ளன. கடிவாள வாரின் தையலைக்கூட விடாமல் கீறியிருக்கிறார்கள். முகந்தான் ஏமாற்றம். புகைப்படம் கொடுத்திருந்தும், நம்மூர்க் காவல்தெய்வத்தின் உருட்டு விழியையும் முறுக்கு மீசையையும் வைத்துவிட்டார்கள் (மாமாவுக்கோ அந்த மீசைதான் பிடித்திருந்தது). எடுத்துச் சொன்னதும் தனிக்கூலி கேட்காமல் திருத்தித் தந்தார்கள் என்றாலும், வெண்கல வண்ணம் இன்னும் சற்றுக் கூடுதலாகவே பளபளக்கிறது. குதிரை வேலைக்குத் தயங்காமல் இவர்களிடம் கொடுக்கலாம். மனித முகத்தை மட்டும் களிமண் நிலையிலேயே நேரில் பார்த்து ஒப்புதல் தருவது நல்லது.