வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? பால்வாடி, கிரெச், சிறப்பு மையம், வீட்டு ஆள்

ஆட்டிசமோ பெருமூளை வாதமோ உள்ள சின்னப் பிள்ளை வீட்டில் இருக்கிறது, அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போயாக வேண்டும். தமிழ்நாட்டில் இதற்குக் கண்ணில் படும் வழிகள் நான்குதான். பெற்றோர் பலரும் எல்லா இடத்திலும் “தெரபி உண்டா?” என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். ஊட்டுவது யார், கழுவிவிடுவது யார் என்பதை அதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பிள்ளை அங்கே நிலைக்குமா என்பதை அந்தப் பதில்தான் முடிவு செய்கிறது.

நடக்கும், தானே சாப்பிடும், பேச்சு மட்டும் தாமதம் என்றால் நான் பால்வாடியைத்தான் முதலில் சொல்வேன். செலவில்லை, சத்துணவு உண்டு. அதைவிடப் பெரிது, பேசிக்கொண்டே விளையாடும் அதே தெருப் பிள்ளைகள் தினமும் பக்கத்தில் இருப்பார்கள். “இவனை எங்களால் பார்த்துக்க முடியாதும்மா” என்று டீச்சர் சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். மாற்றுத்திறன் குழந்தைகளை அங்கன்வாடியில் சேர்த்துப் பராமரிப்பதற்கென்றே மத்திய அரசு 2023 நவம்பரில் ஒரு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் டீச்சரின் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இருப்பதே ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும். உதவியாளர் அடுப்படியில் நிற்கும் நேரத்தில், சட்டென்று வெளியே ஓடிவிடும் பிள்ளையை யார் பிடிப்பது? அப்படிப்பட்ட பிள்ளை என்றால் கேட்டுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்க்காமல் விடாதீர்கள்.

தனியார் கிரெச்சில் நேரம் தாராளம், மாலை வரை வைத்துக்கொள்வார்கள். நான்கு வயதிலும் டயப்பர் என்றதும்தான் குரல் மாறும். சேர்த்துக்கொண்டாலும் மதியச் சாப்பாட்டு வேளையில் சொல்லாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள். 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் சேர்ந்து, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் தொடரும் விதிப்படி 50 அல்லது அதற்கு மேல் ஊழியர் உள்ள நிறுவனம் கிரெச் வசதி செய்துதர வேண்டும். குறைபாடுள்ள பிள்ளைக்கு அது இல்லை என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அலுவலகத்தில் எழுத்தில் கேட்கலாம்.

சிறப்பு மையம்தான் எல்லோரும் ஆசைப்படும் இடம். சென்னையில் 1985-இல் தொடங்கிய வித்யாசாகர், முட்டுக்காட்டிலுள்ள பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் (NIEPMD) போன்ற இடங்களில் பிசியோ, பேச்சு, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குவது) எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கான பயிற்சியில் அம்மாவும் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். பிள்ளைக்கு அது மிக நல்லது. வேலைக்குப் போகும் அம்மாவுக்கு அது பகல்நேரப் பராமரிப்பு ஆகாது. இந்த வேறுபாடு தெரியாமல் வேலையை விட்ட தாய்மார்களை நினைத்தால் மனசு வலிக்கிறது. அதனால் விட்டுவிட்டுப் போகலாமா, எத்தனை மணி வரை என்று முதல் நாளே கேளுங்கள். தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் கிராமங்களில் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள். எல்லா மாவட்டத்துக்கும் வர வேண்டிய ஏற்பாடு அது.

கழுத்து நிற்காத, விழுங்கச் சிரமப்படும், அடிக்கடி ஃபிட்ஸ் வரும் பிள்ளைக்கு வீட்டு ஆள்தான் பொருந்தும், பாட்டியோ சம்பளத்துக்கு வரும் ஆயாவோ. கடும் பாதிப்புள்ளவர்களுக்கும் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கும் மாநில அரசு மாதந்தோறும் தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில் 1,500-இலிருந்து 2,000 ரூபாயானது. ஆயா சம்பளத்தில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது, ஆனாலும் விண்ணப்பிக்காமல் இருக்காதீர்கள். ஆயாவை வைத்ததும் முதல் வாரத்திலேயே பிசியோவிடம் கூட்டிப் போங்கள். படுக்கவைத்து ஊட்டினால் புரையேறி உணவு நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. எப்படிச் சாய்த்து உட்காரவைப்பது, எவ்வளவு கெட்டியாகக் குழைப்பது, ஃபிட்ஸ் வந்தால் எப்படி ஒருக்களித்துப் படுக்கவைப்பது என்பதையெல்லாம் ஆயா தன் கையால் செய்து காட்டிய பிறகே தனியாக விடுங்கள்.