ஷீட்ஸ், டாக்ஸ், ஸ்லாக்: புதிய வசதிகள் எங்கள் குழுவில் நிலைத்த விதம்

எங்கள் குழு ஆவணங்களையும் பணி அட்டவணைகளையும் கூகுள் ஒர்க்ஸ்பேஸிலும் (ஆவணங்களுக்கான டாக்ஸ், அட்டவணைகளுக்கான ஷீட்ஸ், ஜிமெயில் ஆகியவை அடங்கிய தொகுப்பு), அன்றாட உரையாடலைக் குழு உரையாடல் செயலியான ஸ்லாக்கிலும் வைத்துக்கொள்ளத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. புதிய வசதி எதுவும் வந்தால் அதைச் சோதித்துப் பார்த்து மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும் வேலை, யாரும் முறைப்படி ஒப்படைக்காமலேயே என்னிடம் வந்து சேர்ந்தது. எந்த வசதி நிலைத்தது, எது அறிமுகக் கூட்டத்தோடு மறந்துபோனது என்று இப்போது திரும்பிப் பார்த்தால், வசதியின் தரத்தைவிட அதன் பலன் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்திருக்கிறது.

தனி ஒருவருக்கு உடனே பலன் தரும் வசதிக்கு அறிமுகமே தேவைப்படுவதில்லை. மின்னஞ்சலை எழுதி வைத்துவிட்டு, குறித்த நேரத்தில் தானாகப் போகும்படி செய்யும் வசதி ஜிமெயிலில் 2019-இல் வந்தது. அதை யாருக்கும் நான் கற்றுத் தரவில்லை. அட்டவணையில் ஒரு மதிப்பைத் தேடி, அதற்குரிய தகவலை எடுத்துத் தரும் எக்ஸ்லுக்அப் சூத்திரம் 2022-இல் ஷீட்ஸுக்கு வந்தபோதும் அப்படித்தான். நடுவில் ஒரு நெடுவரிசையைச் சேர்த்ததும் அதே வேலைக்கான பழைய சூத்திரமான வீலுக்அப் தவறான விடை தருவதைக் கண்டு சலித்தவர்கள் தாமாகவே அதற்கு மாறிவிட்டார்கள்.

எல்லோரும் பயன்படுத்தினால்தான் பலன் உண்டு என்ற வகை வசதிகளுக்குத்தான் உண்மையான உழைப்பு தேவைப்பட்டது. ஷீட்ஸில் உள்ள ஃபில்டர் வியூ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பொது அட்டவணையில் ஒருவர், வேண்டிய வரிசைகளை மட்டும் காட்டும் சாதாரண ஃபில்டரைப் போட்டால், அதே தாளைத் திறந்து வைத்திருக்கும் அனைவருக்கும் வரிசைகள் மறைந்துவிடும். காரணம் தெரியாதவர் தரவை யாரோ அழித்துவிட்டதாக எண்ணிப் பதறுவார். ஃபில்டர் வியூவில் அந்த மாற்றம் அதைத் திறந்தவருக்கு மட்டுமே தெரியும். ஆனால் சாதாரண ஃபில்டர் போடுபவருக்குத் தொல்லை எதுவும் இல்லை, தொல்லை முழுவதும் மற்றவர்களுக்கே என்பதால், மாற வேண்டியவருக்கு மாறுவதற்கான தூண்டுதல் இருப்பதில்லை. கூட்டத்தில் திரையில் செய்து காட்டியபோது எல்லோரும் தலையசைத்தார்கள்; மறுநாள் வரிசைகள் வழக்கம்போல் மறைந்தன.

பலன் தந்தது வேறு வழி. ஒவ்வொருவரின் பணிக்கும் ஏற்ற ஃபில்டர் வியூக்களை நானே உருவாக்கிப் பெயரிட்டு, அவற்றின் இணைப்புகளை, குழுவினர் பேசிக்கொள்ளும் ஸ்லாக் சேனலின் மேலே பொருத்தி வைத்தேன். ஒவ்வொரு ஃபில்டர் வியூவுக்கும் தனி இணைப்பு இருப்பதால், அதைச் சொடுக்குபவர் நேராகத் தம் பகுதிக்கே போய்விடுவார். அதை எப்படி உருவாக்குவது என்பதை அவர் கற்க வேண்டிய அவசியமே இல்லை. சில வாரங்கள் கழித்து, தமக்கு வேண்டிய மாதிரி இன்னொன்றைச் செய்துகொள்வது எப்படி என்று சிலர் தாமாகவே கேட்கத் தொடங்கினார்கள். எக்செலின் இணையப் பதிப்பு இந்த இடத்தில் இன்னும் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்: பலர் ஒரே கோப்பில் இருக்கும்போது ஒருவர் ஃபில்டர் போட்டால், இது உங்களுக்கு மட்டுமா எல்லோருக்குமா என்று அப்போதே கேட்கிறது. தேவைப்படும் கணத்தில் வரும் அந்த ஒரு கேள்வி, ஒரு மணி நேரப் பயிற்சியைவிட அதிகம் கற்றுத் தருகிறது என்பது என் கருத்து.

ஸ்லாக்கில் த்ரெட் வசதி 2017-இலேயே வந்துவிட்டது. ஒரு செய்திக்கான பதில்களை அதன் கீழேயே அடுக்கி வைத்தால் சேனல் தெளிவாக இருக்கும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனாலும் பலர் சேனலிலேயே பதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். சோம்பல் என்று முடிவு கட்டுவது எளிது. கேட்டுப் பார்த்ததில், த்ரெட்டுக்குள் எழுதினால் தம் பதில் யார் கண்ணிலும் படாமல் போய்விடும் என்ற அச்சமே காரணம் என்று தெரிந்தது. பதில் எழுதும் பெட்டிக்குக் கீழே, அதைச் சேனலுக்கும் சேர்த்து அனுப்பும் தேர்வு இருப்பதைக் காட்டியதும் அந்த அச்சம் தணிந்தது. அதோடு குழுத்தலைவர் தாமும் த்ரெட்டிலேயே பதில் எழுதத் தொடங்கியது, எழுதி வைத்த எந்த விதியையும்விட வேகமாக வேலை செய்தது.

டாக்ஸிலும் இதே அச்சம்தான் வேறு உருவத்தில் இருந்தது. ஒரே ஆவணத்தில் பலர் திருத்தலாம் என்ற நிலையிலும், சிலர் அதைப் பதிவிறக்கித் திருத்தி, 'இறுதி', 'இறுதி 2', 'உண்மையான இறுதி' என்றெல்லாம் பெயரிட்டு மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தாம் எழுதியதை வேறொருவர் அழித்துவிட்டால் என்ன செய்வது என்பதே அவர்களின் கவலை. ஆவணத்தின் முந்தைய நிலைகளைச் சேமித்து வைக்கும் வெர்ஷன் ஹிஸ்டரியைப் பற்றி வாயால் விளக்கியபோது அந்தக் கவலை தீரவில்லை. அவர்கள் கண்முன்னே ஒரு பத்தியை நீக்கிவிட்டு முந்தைய நிலையை மீட்டுக் காட்டிய பிறகே நம்பிக்கை வந்தது. திருத்தங்களைப் பரிந்துரையாக மட்டும் பதிக்கும் முறையைப் பரப்புவதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. மதிப்பாய்வு செய்பவர்களுக்குக் கருத்துரைக்கும் அனுமதி மட்டும் கொடுத்தால், அவர்கள் தட்டச்சு செய்வதெல்லாம் தானாகவே பரிந்துரையாகப் பதிவாகும்.

அறிவிப்பு நேரம் பற்றி ஒரு சொல். ஒர்க்ஸ்பேஸில் புதிய வசதிகள் எல்லாக் கணக்குகளுக்கும் ஒரே நாளில் வருவதில்லை. படிப்படியான வெளியீடு என்றால், எல்லோர் திரையிலும் தெரிவதற்கு 15 நாட்கள் வரை ஆகலாம். வெளியான நாளிலேயே வழிமுறையை அனுப்பினால், குழுவில் பாதிப்பேர் இல்லாத பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பார்கள், பிறகு அந்தச் செய்தியைத் திரும்பப் படிக்கவும் மாட்டார்கள். அதனால் எல்லோர் திரையிலும் வந்துவிட்டதை உறுதி செய்துகொண்ட பின்பே எழுதுகிறேன். வழிமுறைக் குறிப்புகளில் ஸ்கிரீன்ஷாட்களைக் குறைத்து, செய்ய வேண்டிய பணியின் பெயரில் அவற்றை வகைப்படுத்துவதும் பயன் தந்தது. பொத்தான்களின் இடம் அடிக்கடி மாறும், பணி மாறுவதில்லை.

வரும் எல்லா வசதிகளையும் ஏற்க வேண்டியதில்லை. 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்மார்ட் சிப்களில் (ஆவணத்துக்குள் செருகக்கூடிய சிறு தகவல் பெட்டிகள்), பெயரையும் தேதியையும் செருகுபவை மட்டுமே எங்களிடம் நிலைத்தன; மற்றவற்றை யாரும் தேடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. நாங்கள் சில காலம் பயன்படுத்திய ஒரு பணி மேலாண்மைக் கருவி அடிக்கடி முகப்பையே மாற்றிக்கொண்டிருந்தது. கற்றதை மறந்து மறுபடி கற்கும் செலவு பலனை மிஞ்சியதால் அதைக் கைவிட்டோம்.

எந்த வசதி பழக்கமாகிவிட்டது என்பதை அறிய, நிர்வாகப் பக்கத்தில் வரும் பயன்பாட்டு எண்ணிக்கைகளை நான் பெரிதாக நம்புவதில்லை. ஒரு பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்தவரும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவார். 'எந்தக் கோப்பு கடைசி?' என்ற கேள்வி சேனலில் வருவது நின்றுபோனதைத்தான் நான் சான்றாக எடுத்துக்கொண்டேன்.

கூட்டக் குறிப்புகளைத் தானாக எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு வசதி மேலே சொன்ன இரு வகையிலும் அடங்கவில்லை. அதன் பலன் குறிப்பெடுக்க வேண்டியவருக்கு, தயக்கமோ பேசுபவர்கள் அனைவருக்கும். ஆகவே, கலந்துகொள்பவர்கள் எல்லோரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட கூட்டங்களில் மட்டும் இப்போதைக்கு அதைப் பயன்படுத்துகிறோம். பணியாளர் மதிப்பீடு குறித்த கூட்டங்களில் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது.