கையெழுத்தில்லாத இரண்டு குதிரைகள்

இங்கிலாந்தில் சஃபோக் பக்கம் ஒரு பழம்பொருள் கடையில் 620 பவுண்டுக்கு வாங்கிய எண்ணெய் வண்ண ஓவியம். 20க்கு 30 அங்குலம். ஓவியர் பெயர் கிடையாது. ‘ஆங்கில ஓவியம், 19ஆம் நூற்றாண்டு’ என்று சீட்டில் எழுதியிருந்ததோடு சரி.

குதிரைகளுக்கு வைத்தியம் பார்ப்பது என் தொழில். கண் முதலில் கால்களுக்குத்தான் போகும். ஓக் மரத்தடியில் ஒரு செம்பழுப்புக் குதிரை, பக்கத்தில் ஒரு வெள்ளைக் குதிரை. வெள்ளை ஒரு பின்னங்காலைத் தளர்த்திக் குளம்பின் நுனியை மட்டும் மண்ணில் ஊன்றியிருக்கிறது. அந்தப் பக்கத்து இடுப்பு லேசாக இறங்கியிருக்கிறது. நின்றபடியே இளைப்பாறும் குதிரை அப்படியேதான் நிற்கும். வரைந்தவர் லாயத்தில் பழகிய ஆள், சந்தேகமே இல்லை. அந்தக் காலத்துப் பந்தய ஓவியங்களில் குதிரை நாலு காலையும் முன்னும் பின்னும் நீட்டி அந்தரத்தில் பறக்கும். எந்தக் குதிரையும் அப்படி ஓடாது என்பதை 1878இல் மைபிரிட்ஜ் எடுத்த புகைப்படங்கள் காட்டிக்கொடுத்தன. எனக்கு நிற்கும் குதிரைதான் பிடிக்கும்.

பின்னணி சுமார். தூரத்துக் குன்றை அவசரமாக முடித்திருக்கிறார்.

கடைக்காரரை மனதாரப் பாராட்டுகிறேன். இந்த மாதிரிப் படம் என்றாலே ஜான் ஃபிரெடரிக் ஹெரிங் பெயரை ஒட்டி விலையை ஏற்றுவதுண்டு. கோச்சு வண்டி ஓட்டிக்கொண்டிருந்து ஓவியரானவர் ஹெரிங். அதே பெயர்கொண்ட மகனும் அதே பாணியில் வரைய வந்ததால், தந்தை தன் கையெழுத்தில் ‘மூத்தவர்’ என்று சேர்க்க வேண்டியதாயிற்று. அவ்வளவு குழப்பமுள்ள சந்தையில் இவர் யார் பெயரையும் இழுக்கவில்லை. கேட்டதும் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி முதுகுப்புறம் காட்டினார். கித்தானில் வின்சர் அண்ட் நியூட்டன் என்ற ஓவியப் பொருள் நிறுவனத்தின் முத்திரை. அந்த நிறுவனம் தொடங்கியதே 1832இல், ஆகவே படம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. புற ஊதா விளக்கையும் அவரே கொடுத்தார். பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிர, வானத்தின் இடது மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு: பிற்காலத்தில் யாரோ தொட்டுப் பூசிய இடம். அதையும் மறைக்காமல் சொன்னார். குதிரைகள் மேல் அப்படி ஒன்றும் இல்லை.

வார்னிஷ் மஞ்சளித்திருக்கிறது. இப்படி வாங்குபவர்கள் தயவுசெய்து வீட்டில் பஞ்சை நனைத்துத் துடைக்காதீர்கள், மெல்லிய மேல்பூச்சும் சேர்ந்து போய்விடும். பழுது பார்க்கத் தெரிந்தவரிடமே கொடுங்கள்.

படத்தைச் சுற்றிய மரச்சட்டம்தான் குறை. பளபளவென்ற புதுத் தங்கப் பூச்சு அந்தப் பழுப்பு மண்ணை அமுக்கிவிடுகிறது. மாற்றித் தர 90 பவுண்டு கேட்டார்கள், கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.