‘வைரம் பாய்ந்த’ தேக்கு: ஒரு மரவாடியும் ஒரு பெயரடையும்

வாசல் நிலை செய்வதற்காக எங்கள் ஊர்ப் புறவழிச்சாலையில் உள்ள ஒரு மரவாடியில் சென்ற மாதம் தேக்கு வாங்கினேன். 7 அடி உயரம், 3½ அடி அகலம், 5-க்கு 3 அங்குலச் சட்டம் என்ற அளவில் நான்கு சட்டங்களும் சேர்ந்து ஏறத்தாழ 2.2 கன அடி வந்தன. அறுப்பு சுத்தமாக இருந்தது, அளவில் நூல் பிசகவில்லை, பணியாளர்களும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். நான் இங்கே எழுத வந்தது, அரை மணி நேரத்தில் பத்து முறையாவது அந்தக் கடையில் என் காதில் விழுந்த ‘வைரம் பாய்ந்த மரம்’ என்ற சொல்லைப் பற்றி.

மரத்தின் நடுவே முற்றி நிறம் மாறிய உள்கட்டைதான் வைரம். தச்சர்கள் அதைச் சேகு என்றும் சொல்வார்கள். பழந்தமிழில் அது காழ். காழ் உள்ளே இருப்பதை மரம் என்றும், பனை, தென்னை போல வெளியே இருப்பதைப் புல் என்றும் தொல்காப்பியம் பிரிக்கிறது. வஜ்ரம் என்ற வடசொல் வயிரமாகி வைரமானது. பகையைக் குறிக்கும் வைரம் வேறொரு வடசொல்லின் வழி வந்தது; வைராக்கியத்துக்கோ இவ்விரண்டோடும் உறவில்லை, ஒலி ஒத்திருப்பதால் நாமாகச் சேர்த்துக்கொண்டதுதான்.

இந்தப் பெயரடையில் எனக்குப் பிடித்த பகுதி ‘பாய்ந்த’ என்பதுதான். எழுபது வயதிலும் மண்வெட்டி பிடிக்கும் பெரியவரை ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்பார்கள். இருபது வயதுப் பயில்வானை அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். மரத்திலும் அப்படியே. புதுக்கட்டை வெளிப்புறமாக வளர்ந்துகொண்டே போக, உள்ளே உள்ள பழைய உயிரணுக்கள் இறந்து, அவற்றில் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் ஒவ்வாத பொருள்கள் படிந்து வைரமாவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். தேக்கின் வைரம் பொன் கலந்த பழுப்பு நிறம். சுற்றியுள்ள வெள்ளைப் பகுதி வெளிறிய மஞ்சள். வைரம் என்றதும் நாம் கடினத்தை நினைக்கிறோம்; தேக்கைப் பொறுத்தவரை, கறையான் அண்டாமல் நிலைப்பதுதான் அதன் பெரிய பலன். இளம் வயதில் வெட்டிய தோட்டத் தேக்கில் வெள்ளையின் பங்கு கூடுதலாக இருக்கும் என்பதால், கடையில் கிடக்கும் எல்லாக் கட்டைக்கும் ஒரே அடைமொழியைச் சூட்டுவது பொருந்தாது.

நான் வாங்கிய சட்டங்களின் முனைகளில் செங்காவி நிறத்தில் பெயிண்ட் பூசியிருந்தார்கள். முனை வெடிக்காமல் இருக்க அப்படிப் பூசுவது வழக்கம்தான். ஆனால் எது வைரம், எது வெள்ளை என்று தெளிவாகக் காட்டக்கூடிய இடமும் அந்த முனைதான். வீட்டுக்கு வந்த ஆசாரி முதல் வேலையாக உளியால் பூச்சைச் சீவி, தண்ணீர் தொட்டுத் தடவிப் பார்த்தார். மூன்று சட்டங்களில் பழுப்பு நிறம் சீராக இருந்தது. நான்காவதில், ஒரு மூலையை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்கு வெளுத்த பட்டை ஓடியது. “வெள்ளை விழுந்திருக்குங்க, இந்தப் பக்கம் சுவரோரம் வந்தா கறையான் விடாது” என்றார்.

சட்டத்தைத் திருப்பி எடுத்துச் சென்றபோது கடைக்காரர், மறுக்காமல் மாற்றித் தர ஒப்புக்கொண்டார் என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். வண்டி வாடகை மட்டும் என் தலையில் விழுந்தது. “வைரம் பாய்ந்தது என்றுதானே சொன்னீர்கள்?” என்று கேட்டதற்கு, “அது பொதுவாகச் சொல்றதுதானே சார்” என்று பதில் வந்தது. பில்லை எடுத்துப் பார்த்தேன். அதில் ‘தேக்கு, 2.2 க.அ.’ என்று மட்டுமே இருந்தது. மாற்றுச் சட்டத்தை எடுக்கும்போது, முனையை என் கண்முன்னே ஓர் அங்குலம் அறுத்துக் காட்டச் சொல்லி, பில்லில் ‘வெள்ளை இல்லாதது’ என்று எழுதித் தரவும் கேட்டேன். முனையை உடனே அறுத்துக் காட்டினார்கள். எழுதித் தருவதற்குத்தான் கடைக்காரர் சற்று யோசித்தார்.